பழைய கடைச் சாப்பாடு: ருசியா, பசியா?

6 ஜனவரி 2024 (ஒரு வாசகர் எழுதியது)

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், கண்டி, பதுளைப் பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி யார் எழுதினாலும் "அந்த ருசி இனி வராது" என்றுதான் முடிக்கிறீர்கள். எனக்கு முப்பது வயது. நீங்கள் சொல்லும் கடைகளில் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டில் சாப்பிட்டும் பார்த்தேன். சாதாரணச் சாம்பார், சாதாரண வடை. மாதத்துக்கு ஒரு தடவை டவுனுக்கு வந்து, காலையிலிருந்து வெறும் வயிற்றோடு சுற்றிவிட்டுச் சாப்பிட்டால் எதுவும் அமிர்தம்தான். ருசி கடையில் இல்லை, உங்கள் பசியில் இருந்தது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

6 ஜனவரி, இரவு

காரணத்தோடு மறுக்கிறேன், தம்பி.

மாதம் ஒரு தடவை டவுனுக்கு வந்தவர்கள் உண்டு. என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து ஹட்டன் ஹைலன்ஸில் படித்தவள் நான். பள்ளிக்கூட நாளெல்லாம் அந்தக் கடைகளின் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். வயிறு நிறைந்திருந்த நாளிலும் அந்த வாசனைக்குக் கால் தயங்கும்.

முதல் காரணம் உயரம். ஹட்டன் 4,000 அடிக்கு மேலே. நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே. நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகை வரை போகாது, ஏறக்குறைய 94இலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் முழித்துக்கொண்டு கிடக்கும். அப்போது கடைகளில் பிரஷர் குக்கர் கிடையாது. ஆகவே சாம்பாருக்கான பருப்பை இரவே கிடாரத்தில் போட்டு, அணையப்போகும் அடுப்பின் தணலில் விட்டுவிடுவார்கள். விடியும்போது பருப்பு என்று தனியாக ஒன்று இருக்காது, கரைந்துபோயிருக்கும். ஒரு ராத்திரி முழுக்க வெந்த சாம்பாரையும் விசில் மூன்று வந்ததும் இறக்கிய சாம்பாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது.

இரண்டாவது, தோசை மாவு. குளிர் ஊரில் மாவு லேசில் புளிக்காது. மார்கழி, தை இரவுகளில் சும்மா வைத்த மாவு மறுநாள் மத்தியானம் வரைக்கும் அரைத்தபடியே கிடக்கும். கடைக்காரர்கள் மாவுப் பானையைச் சாக்கால் சுற்றி அடுப்படிச் சுவரோடு ஒட்டி வைப்பார்கள். முந்திய நாள் மாவில் ஒரு கரண்டியை எடுத்துக் கலப்பார்கள். மெல்லப் புளித்த மாவின் புளிப்பு வேறு. சோடா போட்டு அவசரமாக எழுப்பிய மாவுக்கு அது வராது. நீங்கள் சாப்பிட்டது பின்னதாக இருக்கும்.

மூன்றாவது, தேத்தண்ணி. அதைத் தொடங்கினால் விடிந்துவிடும். நாளைக்கு.

7 ஜனவரி

தேத்தண்ணி.

நல்ல இலையெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும் என்பது ஊரறிந்த கதை. கடைக்கு வருவது டஸ்ட் என்கிற பொடித் தூள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். டஸ்ட் சீக்கிரம் சாயம் இறங்கும், கனமாக இறங்கும், டின்பாலுக்கு ஈடுகொடுக்கும். விலை உயர்ந்த இலையைப் போட்டு டின்பாலை ஊற்றினால் பால் மட்டும்தான் நாக்குக்குத் தெரியும். செம்புப் பொயிலரில் கரி போட்டு நாள் முழுக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். தூள் இருப்பது துணிப் பையில். பை பழசாகப் பழசாகச் சாயம் நன்றாக இறங்கும் என்பது கடைக்காரர் கட்சி. துவைக்கச் சோம்பல் என்பது என் அக்காவின் கட்சி.

சீனித் தட்டுப்பாட்டு வருடங்களில் சாயத்தண்ணிக்கு, அதாவது பால் இல்லாத தேத்தண்ணிக்கு, சீனி போட்டுத் தரமாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டுவார்கள், நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். அப்பா அப்படித்தான் கடைசி வரைக்கும் குடித்தார், தட்டுப்பாடு தீர்ந்து வெகுகாலம் ஆன பிறகும். சீனி கரைந்துபோனால் எவ்வளவு போட்டான் என்று தெரியாதாம்.

7 ஜனவரி, சற்றுப் பிறகு

தட்டை மறந்துவிடப் போகிறேன். உட்கார்ந்ததும் கேட்காமலே வடை, ரோல்ஸ், பட்டிஸ், பனிஸ் எல்லாம் அடுக்கிய ஒரு தட்டு மேசைக்கு வரும். தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை மேசை சுற்றிய வடையோ, எத்தனை பேர் கிள்ளிப் பார்த்த பனிஸோ. ஈக்களுக்கும் பங்கு உண்டு. கை துடைக்கப் பழைய பேப்பரைச் சதுரமாக வெட்டிக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். துடைத்தால் எண்ணெய் போகும், மை வரும். இதையும் ருசியில் சேர்க்கலாமா என்று தம்பி கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன்.

9 ஜனவரி

கண்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலதா வீதி டெவன் ஹோட்டலையும், மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் இருக்கிற முஸ்லிம் ஹோட்டலையும் சொல்லாமல் என்ன பழைய கடைப் பேச்சு என்று கேட்கிறார்கள்.

சரி, சொல்கிறேன். ஆசிரியையாகக் கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது மாதத் தொடக்கத்தில் டெவன், மாதக் கடைசியில் முஸ்லிம் ஹோட்டல். கொத்து ரொட்டி போடுகிறவர் இரண்டு தகடுகளையும் எடுத்துத் தாளம் பிடிக்கத் தொடங்கினால் கூட வந்த டீச்சருக்குத் தலைவலி வரும், எனக்குப் பசி வரும். டெவனில் சாப்பிட்டேன் என்று வீட்டுக்கு எழுதியதும், தலவாக்கலையில் இருந்த சின்னம்மா பதில் போட்டார்: "அங்கே என்ன சாப்பாடு, வெறும் பாறைதானே?" அவருக்குத் தெரிந்த ஒரே டெவன், பக்கத்தில் விழுகிற அருவி.

குவீன்ஸ் ஹோட்டல் வாசலைத் தாண்டும்போது நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். உள்ளே போய் உட்கார்ந்தது பென்ஷன் எடுத்த பிறகுதான். தலதா மாளிகைக்கு எதிரே இருக்கிற பழைய எம்பயர் கட்டடத்தின் மாடி முகப்பு இன்றைக்கும் எனக்குக் கண்டியிலேயே பிடித்த முகப்பு. ஆனால் கட்டடம் பிடிப்பது வேறு, கடை பிடிப்பது வேறு.

நான் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். கண்டிக் கடைக்குப் பலவிதமான ஆட்கள்: வழக்குக்கு வந்தவர், மாளிகைக்கு வந்தவர், பெரஹெர ஊர்வலம் பார்க்க வந்தவர், அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்துக்குக் காத்து நின்றவர். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைக் கடைகள் சம்பளநாளை நம்பிய கடைகள். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நிற்க இடம் இருக்காது. இருபதாம் திகதிக்குப் பிறகு அதே கடையில் முதலாளி ஈ ஓட்டிக்கொண்டு கொப்பியைப் புரட்டுவார். கடன் கொப்பி. அதில் பாதித் தோட்டத்தின் பெயர் இருக்கும், எங்கள் அப்பா பெயர் உட்பட.

போர்டில் ஏதோ ஒரு விலாஸ் என்று எழுதியிருக்கும், ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அண்ணாச்சி கடை, மலையாளத்தான் கடை, நானா கடை, மாடிக் கடை. ஆகவே "பெயர் என்ன, பெயர் என்ன" என்று கேட்டவர்களுக்கு: தெரிந்தால் சொல்லமாட்டேனா?

நானா கடை, அதாவது முஸ்லிம் கடை, பற்றி ஒரு ரகசியம். வெள்ளிக்கிழமை சுத்த சைவம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஆண்கள் நானா கடைப் பின்வாசலில் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை என்பது ஒப்பந்தம்.

10 ஜனவரி

நேற்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்:

"நான் எங்க அந்தக் கடையில உக்காந்தேன்?"

அதற்குப் பிறகு நான் எழுதியதை எல்லாம் முதலில் இருந்து படித்துப் பார்த்தேன். அப்பா, முதலாளி, கொத்துப் போடுகிறவர், பின்வாசல் ஆண்கள். இங்கே மற்றவர்கள் எழுதியதையும் பார்த்தேன். தாத்தா கூட்டிப்போனார், மாமா வாங்கித் தந்தார், நண்பர்களோடு போனோம். பாட்டியோடு போய் உட்கார்ந்து தோசை தின்றேன் என்று ஒருவராவது எழுதியிருக்கிறாரா?

கொழுந்து பறித்தது அம்மா. தோட்டத்துச் சம்பளத்தில் பெரும் பங்கு பெண்களின் கை உழைப்பு. அந்தச் சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது பல வீடுகளில் புருஷன். வாங்கிய கையோடு டவுனுக்கு இறங்கி, கடையில் உட்கார்ந்து, தட்டு வரவழைத்ததும் அவர். அம்மா டவுனுக்கு வந்தது மூன்று காரணங்களுக்கு: மாணிக்கப்பிள்ளையார் கோயில், ஆஸ்பத்திரி, தீபாவளித் துணி. மூன்றிலும் கடைக்குள் போகும் வேலை இல்லை. பெண் தனியாகப் போய்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் அன்றைக்குச் சாயங்காலம் அந்தச் செய்தி தோட்டத்து லயத்து வீடுகளுக்கு அவளுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும்.

குடும்பமாகப் போனால் உள்ளே "பெமிலி ரூம்" இருந்தது. அறை என்று சொன்னால் அறை. கடையின் கடைசியில், கை கழுவும் இடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், ஒரு துணித் திரைக்குப் பின்னால் இரண்டு மேசை. யன்னல் கிடையாது. அடுப்புப் புகை முழுக்க அங்கேதான் வரும். ரோட்டைப் பார்த்த நல்ல மேசையெல்லாம் ஆண்களுக்கு. எங்கள் தீபாவளிச் சாப்பாடு அந்தத் திரைக்குப் பின்னால் கண்ணெரிச்சலோடுதான். சர்வர் திரையை விலக்காமல் கையை மட்டும் நீட்டித் தட்டை வைப்பார். அந்தக் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது, முகம் தெரியாது.

இன்னொன்று. அந்தக் கடைகளில் பெண்கள் போகக் கழிவறை இல்லை. ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடுவார்கள். டவுனுக்குப் போகிற நாளில் அம்மா விடியற்காலையிலிருந்தே தேத்தண்ணி குடிக்கமாட்டார், தண்ணீரும் குடிக்கமாட்டார். உலகத்துக்கே தேத்தண்ணி அனுப்பிய ஊரில் தொண்டை வறண்டு நடந்திருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரிந்தது பார்சல். சம்பள இரவில் அப்பா கொண்டுவருவது. தணலில் வாட்டிய வாழை இலை, மேலே பேப்பர், வெள்ளை நூல். ஹட்டனில் கட்டியது டிக்கோயாவுக்குப் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மலை ஏறி, லயத்துக்கு வரும்போது ஆறிப்போய் இலையோடு ஒட்டியிருக்கும். எங்களுக்குக் கொடுத்துவிட்டு இலையில் மிஞ்சியதை அம்மா சாப்பிடுவார்.

ருசியாக இருந்ததா என்று கேட்டேன்.

"சாம்பாருல உப்பு கூட. ஆனா அன்னைக்கி ஒரு நேரம் சமைக்காம இருந்தேன்ல, அதான் ருசி."

தம்பி, உங்கள் பக்கத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். என் வீட்டிலிருந்தே.

11 ஜனவரி

அக்கா தொலைபேசியில். பெமிலி ரூம் திரை நீலமாம். நான் நிறமே எழுதவில்லை, இருந்தாலும் நீலமாம். பச்சை என்று எனக்கு நன்றாக ஞாபகம். அண்ணன் திரையே கிடையாது, பலகைத் தட்டிதான் என்கிறான். அவன் எப்போதும் ரோட்டுப் பக்கம் உட்கார்ந்தவன், அவன் சாட்சி செல்லாது.

11 ஜனவரி, இரவு

அண்ணனும் நியாயமாக ஒன்று சொன்னான், அதையும் எழுதிவிடுகிறேன். தோட்டத்தில் துரை முன்னால் நம் ஆட்கள் உட்கார முடியாது. ஒப்பீஸ் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அண்ணாச்சி கடையில் அதே ஆள் நாற்காலியில் உட்காருவார், எதிரே ஒருவர் வந்து "என்ன வேணும்?" என்று கேட்பார். அப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்ட ஒரே இடம் அதுதான் என்றான். அப்பா வேட்டியை உதறிவிட்டு உட்காரும் விதம் எனக்கும் தெரியும். அந்த நாற்காலிக்காகவே கடனில் சாப்பிட்டிருப்பார்.

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை என்பது இதனால் மாறவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

12 ஜனவரி

சிவனொளிபாத மலை யாத்திரை சீசனை ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். ஆமாம். மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் ஹட்டனில் ராத்திரி கிடையாது. கோச்சியில், ரயிலில், வந்து இறங்குகிற கூட்டம் மஸ்கெலியாப் பக்கம் பஸ் ஏறும் முன் கடைக்குள் நுழையும். பொயிலர் அணையாது. தோசை என்று சரியாகச் சொல்லத் தெரியாத காலி ஊர்ப் பக்கத்துச் சிங்கள ஐயாமார் "தோசே, தோசே" என்று கேட்டு அடுக்கடுக்காகத் தின்றுவிட்டுப் போவார்கள். சம்பளநாள் இல்லாத வாரங்களில் கடை பிழைத்தது அவர்களால். அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஆண்களோடு கலந்தே உட்காருவார்கள், ரோட்டு மேசையிலேயே. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

13 ஜனவரி

கடைகள் ஏன் போயின என்று கேட்கிறார்கள். ஒரே பதில் கிடையாது.

கடை வைத்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, இராமநாதபுரம், மலையாளக்கரை ஆட்கள். அடுப்படியில் நின்றவர்களும் அந்த ஊர்களின் பையன்கள்தான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். நம் இந்திய வம்சாவளி ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுப்பதாகக் கணக்குப் போட்டார்கள். அதில் கடைக்குச் சாப்பிட வந்தவரும் போனார், சமைத்தவரும் போனார். ஹட்டனிலிருந்து கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகும் அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். எங்கள் அண்ணாச்சி கடையில் தோசைக் கல்லுக்கு நின்றவர் அப்படிப் போனவர். அவருக்குப் பின்னால் வந்தவர் சுட்ட தோசையைப் பற்றி அப்பா கடைசி வரைக்கும் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

பிறகு 73, 74. பாணுக்கு வரிசை, அரிசிக்குக் கட்டுப்பாடு, கடைகளில் சில நாட்களில் சோறு பரிமாறக் கூடாது என்று சட்டம். சோற்றுக் கடையில் மரவள்ளி அவித்து வைத்தார்கள். தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்த காலம் அது. அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது ருசி என்ற பேச்சே வேண்டாம். தம்பி சொல்லும் பசியை அங்கே வைத்துக்கொள்ளட்டும், நான் மறுக்கவில்லை.

பிறகு 83 கலவரம். கொழும்பில் தொடங்கியது இரண்டு மூன்று நாளில் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் ஏறிவிட்டது. பதுளையில் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்களைக் கூட்டிப்போகும் சைவக் கடை ஒன்று பஜாரில் இருந்தது. ரவா லட்டு வாங்கித் தருவார். அடுத்த தடவை போனபோது கருகின சுவர் மட்டும் நின்றது. முதலாளி குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டார் என்றார்கள். மாமா அந்தப் பக்கமாக நடப்பதையே விட்டுவிட்டார், சுற்றிக்கொண்டு வேறு வழியாகச் சந்தைக்குப் போவார்.

அப்புறம் தண்ணீர். பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, அறுபதுகளின் கடைசியில். என் மாமனார் அந்த ஊர். மலைநாட்டிலேயே நல்ல உளுந்து வடை மஸ்கெலியாவில்தான், அந்தக் கடை இப்போது தண்ணீருக்கு அடியில் என்பார். அவரோடு வாதாட முடியாது, போய்த் தின்று பார்த்துவிட்டு வந்து மறுக்கவா முடியும்? வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். ஊரே பார்க்கப் போகும். எல்லாரும் கோயிலைப் பார்த்துக் கும்பிடும்போது இவர் சேற்றுக்குள் இறங்கி நின்று "இந்தா, இங்கதான் கல்லாப்பெட்டி, இந்தப் பக்கம் அடுப்படி" என்று காட்டிக்கொண்டிருப்பார். மாமியார் ரோட்டில் நின்றபடியே, "அடுப்படி எங்க இருந்திச்சின்னு இவருக்கு எப்படித் தெரியும், வீட்டு அடுப்படியே தெரியாது" என்பார்.

தலவாக்கலையிலும் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகப் பழைய டவுனில் ஒரு பகுதி போய்விட்டது. 2012இல் மின்சாரம் வந்தது. டெவனைப் பாறை என்று எழுதிய சின்னம்மா அதையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

15 ஜனவரி

பொங்கல். வீட்டில் வேலை. இங்கே வேகப் பிந்தாது, கண்டி அவ்வளவு உயரமில்லை.

17 ஜனவரி

விறகடுப்பு போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்க்க நமக்கெல்லாம் ஒரு வாய்ப்புக் கிடைத்ததே, அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2022.

காஸ் சிலிண்டர் இல்லாமல் கடைகள் பாதி மூடின. மூடாதவை விறகுக்குத் திரும்பின. அந்தச் சமயத்தில் ஹட்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, வேண்டுமென்றே ஒரு பழைய கடையில் நுழைந்து சாம்பார் வடை சொன்னேன். புகை வாசனை இருந்தது. மற்றது இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன், இந்த வயதில் யார் தடுக்கப் போகிறார்கள். ஈர யூகலிப்டஸ் விறகு. பக்கத்தில் பாக்கெட் மசாலாத் தூள். பருப்பு குக்கரில். பாமாயில் டின். தேத்தண்ணிக்குப் பால்மா. சமைத்த பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அக்கா, காஸ் எப்ப வருமாம்?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு விறகு ஒரு தண்டனை. முன்பு அந்த அடுப்புக்கு நின்றவர்களுக்கும் தண்டனையாகத்தான் இருந்திருக்கும், அவர்களை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் எரித்தது கவ்வாத்து மிலாறு, தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி. சடசடவென்று எரியும், தணல் நிற்காது. கடைகளுக்கு லொறியில் கட்டை விறகு வரும். ராத்திரி முழுக்கத் தணல் நிற்க அந்தக் கட்டை வேண்டும், அம்மி வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தச் சாம்பாரின் விலை இன்றைக்கு யாராலும் கொடுக்க முடியாத விலை. குறைந்த கூலிக்குக் கிடைத்த பையன்களின் ராத்திரித் தூக்கத்தில் வெந்த பருப்பு அது. ருசி இருந்தது என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். எப்படி இருந்தது என்றும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கு. 2024 தொடக்கத்தில் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. ஒரு குடும்பம் ஹட்டன் கடையில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு எழுந்தால் அதற்கு மேலே போய்விடும். சம்பள ஞாயிறு என்று கடை நிரம்புவது எப்போதோ நின்றுவிட்டது. இப்போது கடையில் உட்கார்ந்திருப்பது கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் அனுப்பிய காசு, லீவுக்கு வந்த பிள்ளைகள், பிறகு என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள்.

18 ஜனவரி

தம்பி கேட்டதற்கு: ஆமாம், இப்போதும் ஒன்றிரண்டு கடை நன்றாக இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் சோடா மாவு வரும்.

மாவு புளிக்காமல் கஷ்டப்படும் நுவரெலியா சகோதரிக்கு: உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், ஒரு பிடி வெந்தயம் சேருங்கள், அரைத்த பானையைப் பெரிய வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கிக் கம்பளியால் மூடுங்கள். வெந்நீரைப் படுக்கப்போகும் முன் ஒரு தடவை மாற்றுங்கள். உப்பைப் புளித்த பிறகு போடுவது என் வழக்கம். அக்கா முதலிலேயே போடுவாள், அவள் மாவும் புளிக்கத்தான் செய்கிறது.

20 ஜனவரி

எல்ல என்கிற ஊர்ப் பக்கம் "அந்தக் காலத் தோட்டத்துக் கடை" என்று ஒன்று திறக்கப்போகிறாராம் ஒருவர். தகரக் கோப்பை, கம்பியில் குத்திய பேப்பர், பழைய ரேடியோ, செம்புப் பொயிலர் எல்லாம் சேர்த்துவிட்டார். வேறு என்ன வைக்கலாம் என்று ஆலோசனை கேட்கிறார்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் எடுப்பார்கள், வியாபாரம் நடக்கும், நல்லது. பேப்பரை மட்டும் விடுங்கள், மை ஒட்டும். துணிப் பையைத் துவையுங்கள், என் அக்கா எப்படியும் வந்து பார்ப்பாள். கொழுந்துக் கூடையைச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுமந்தவர் யாராவது மலை இறங்கி உங்கள் கடைக்கு வந்தால், ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார வையுங்கள். விலைப் பட்டியலில் அவர் கொடுக்கக்கூடிய விலையில் ஒரு சாயத்தண்ணியாவது இருக்கட்டும். எங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன், உப்புப் பார்க்க.

அதற்கு முன் பெண்களுக்குக் கழிவறை கட்டுங்கள். பின்னால், அடுப்படியைத் தாண்டி, இருட்டில் இல்லை. தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும், தண்ணீர் வர வேண்டும். சாம்பாரைப் பற்றி அப்புறம் பேசலாம்.